கல்லின் மேல் ஒரு வயல்: மாணிக்கக் குழிகளும் மலை ஓடைப் பாசியும்

எங்கள் லயத்துக்குக் கீழே, தேயிலை மலை முடிகிற இடத்தில், ஓடையோரம் துணி துவைக்கிற கல்லுகள் ஐந்தாறு கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு அங்கே இறங்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பாத்துக் கால வையி, பாசி வழுக்கும்." துவைக்கிற கல்லை மட்டும் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துச் சுத்தமாக வைத்திருப்பார்கள். மற்றக் கல்லெல்லாம் பாசிக்குச் சொந்தம். பாசி என்றால் அழுக்கு, கவனிப்பாரற்ற தண்ணீர்த் தொட்டி, கால் முறிவு. அப்படிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

ஓடைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த எண்ணம் எவ்வளவு தலைகீழானது என்று புரிந்தது. மலை ஓடையில் கல் வழுக்கினால் அது நல்ல செய்தி. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டுகிற இடங்களுக்குக் கீழே ஓடை முதலில் தொலைப்பது இந்த வழுக்கலைத்தான். மீன் குறைவது, நீர்த்தேக்கத்தில் மண் நிறைவது எல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன. பத்திரிகையில் வருவதும் அந்தப் பின்னால் வருகிற சேதிகள்தான். முதலில் போனதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஜனவரி மாத வெயில், முழங்கால் அளவுத் தண்ணீர், சலசலவென்று ஓடுகிற இடம். உள்ளங்கை அகலக் கல்லை மெதுவாகத் தூக்கினால் அதன் மேற்பக்கம் சாயத் தண்ணி நிறத்தில் இருக்கும், அடிப்பக்கம் வெறும் கல். மேற்பக்கத்தில் நகத்தால் ஒரு கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கும், நக இடுக்கில் ஈர மா மாதிரி ஏதோ சேரும். விரலால் தடவினால் வழுக்கும், ஆனால் சேற்றைப் போலத் தண்ணீரில் கரைந்து போகாது. நடுப்பகலில் தண்ணீர் கொஞ்சம் தேங்கி நிற்கிற மூலையில் குனிந்து பார்த்தால், அந்தப் படலத்தின் மேல் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அது ஒட்சிசன். கல் மூச்சு விடுகிறது என்று சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம். சில கல்லுகளில் படலத்துக்கு நடுவே யாரோ குச்சியால் கிறுக்கியது போல வெளிர்க் கோடுகள் வளைந்து வளைந்து போகும். நத்தை மேய்ந்த தடம் அது.

இந்தப் படலத்தைத்தான் பாடப் புத்தகம் அல்கா என்கிறது. தனி உயிரி ஒன்று அல்ல அது, ஒரு கூட்டுக் குடும்பம். பெரும்பங்கு டயட்டங்கள்: ஒற்றைக் கல உயிர்கள், ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கட்டிக்கொண்டவை. ஒரு டயட்டம் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கிலிருந்து சில பங்கு வரை நீளம். பச்சையம் இருந்தும் அவை பச்சையாகத் தெரிவதில்லை, மேலே ஒரு பொன்கபில நிறப்பொருள் மூடியிருக்கிறது. சாயத் தண்ணி நிறம் அதனால்தான் வருகிறது. அவற்றோடு பச்சை அல்காக்கள், நீலப்பச்சை வகைகள், பற்றீரியா, பூஞ்சை எல்லாம் ஒரு பசையில் சேர்ந்து கிடக்கின்றன. நம் காலை வழுக்க வைப்பது அந்தப் பசை. ஓடுகிற தண்ணீர் தங்களை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க அவை சுரப்பது அது.

இந்தப் படலத்தை வயல் என்று சொல்வது எனக்கு மிகையாகத் தெரியவில்லை. வெயிலை உணவாக்கும் வேலை ஓடைக்குள்ளே நடப்பது அதிகமாக இங்கேதான். அதை மேய வருகிறவர்களின் கூட்டமும் பெரிது. தட்டையான உடம்போடு கல்லில் பதிந்து நகரும் பூச்சிக் குடம்பிகள், நாணயம் மாதிரி ஒட்டிக்கிடக்கும் வண்டுக் குடம்பிகள், இலங்கைக்கே உரிய பல இனங்களைக் கொண்ட பலுடோமஸ் நத்தைகள். வாயாலேயே கல்லைப் பற்றிக்கொண்டு சுரண்டித் தின்னும் சிறு மீன் ஒன்றும் இருக்கிறது, கர்ரா என்ற பேரினத்தைச் சேர்ந்தது, அதில் ஓர் இனம் இலங்கையில் மட்டும் வாழ்வது. ஈரம் வழிகிற செங்குத்துப் பாறையில் பல்லி போல ஒட்டி, மெல்லிய நீர்ப்படலத்துக்குள் வாழ்கிற தலைப்பிரட்டைகளும் நம் நாட்டில் உண்டு. நனோஃப்ரிஸ் என்ற தவளைப் பேரினத்தின் பிள்ளைகள் அவை, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பாறையில் ஈரமும் பாசியும் இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்துக்குப் போக்கிடமே இல்லை.

காட்டுக்குள் ஓடும் சிற்றோடைக்கு இன்னொரு வருமானம் இருக்கிறது: மேலிருந்து விழும் இலை. நிழல் அடர்ந்த இடத்தில் பாசி குறைவாகத்தான் வளரும், உதிர்ந்த இலை அழுகி உணவாகும். ஆனால் நம் மலைகளில் அந்தக் கூரை எப்போதோ போய்விட்டது. கோப்பிக்காக வெட்டினார்கள், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை வந்த பிறகு மிச்சத்தையும் வெட்டினார்கள். இன்று தேயிலை மலைக்கு நடுவே ஓடுகிற ஓடை பெரும்பாலும் வெட்டவெளியில், வெயிலில் கிடக்கிறது. தேயிலைச் செடி ஓடைக்கு இலை உதிர்ப்பதில்லை, அதன் கொழுந்தை நாம் பறித்துக்கொண்டு போய்விடுகிறோம். ஆகவே மலையக ஓடை காட்டோடையை விட அதிகமாகப் பாசியை நம்பி வாழ்கிறது. ஒரே வயலை நம்பியிருக்கிற குடும்பத்தின் வயலில் கை வைப்பது எப்படி இருக்கும் என்று நம் மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, மாணிக்கத்துக்கு வருவோம். மலைநாட்டின் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே நிலத்தடியில் வெந்து அமுங்கி உருமாறியவை. நீலக்கல்லும் வைடூரியமும் அந்தப் பாறைகளோடு சேர்ந்த கதைதான். காலப்போக்கில் பாறை கரைந்து மண்ணானது, கல் கரையவில்லை. நீலக்கல் ஒரே அளவுத் தண்ணீரைப் போல நான்கு மடங்கு கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம். அதனால் ஆறு இரண்டையும் சேர்த்து உருட்டி வரும்போது, வேகம் குறைகிற வளைவுகளில் கனமான கல் முதலில் அடியில் தங்கியது. அதன் மேல் மணல், களி, வண்டல் என்று அடுக்கடுக்காக மூடியது. கல் தங்கிய அந்தச் சரளை அடுக்குக்குக் குழி வெட்டுகிறவர்கள் இல்லம் என்று பெயர் சொல்கிறார்கள். சிங்களத்திலிருந்து வந்த சொல், ஆனால் தமிழ்க் காதில் அது வீடு என்றும் விழுகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

இல்லத்தைத் தொடுவதற்கு மேலே இருக்கிற எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். பொகவந்தலாவையில் கெசல்கமுவ ஓயாவின் கரையிலும் சில இடங்களில் ஆற்றுக்குள்ளேயும் நடப்பது இதுதான். முறைப்படி அனுமதி எடுத்து, குழி வெட்டி, தூண் கொடுத்து, தண்ணீரை இறைத்து, சரளையைக் கூடையில் போட்டுச் சுழற்றிக் கழுவுகிற பழைய முறை ஒன்று இருக்கிறது. மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரத்தைக் கரையில் இறக்கி, ஒரே இரவில் பாதிக் கரையைப் புரட்டிப் போடுகிற முறையும் இருக்கிறது. இரண்டிலும் கல்லைத் தேடிக் கழுவியெடுக்கும்போது மிஞ்சுவது களிமண்ணும் வண்டலும். ஒரு கைப்பிடி அளவுக் கல்லுக்காக எத்தனை லொறி மண் கழுவப்படுகிறது என்பதை ஒரு குழிக்கரையில் அரைமணி நேரம் நின்றால் கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடலாம். அந்த மண்ணுக்கென்று ஒரு தடுப்புக் குளம் வெட்டி வைத்தால் கொஞ்சம் தங்கும். வெட்டாத இடத்தில் எல்லாம் ஓடைக்குத்தான்.

என் சித்தப்பா மகன் ஒருவன் சில மாதம் இப்படி ஒரு குழிக்கு இரவு வேலைக்குப் போனான். 2021இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததே, அதற்கே எத்தனை வருடப் போராட்டம். அவன் போனதில் எனக்குக் கோபம் இல்லை. ஓடை ஏன் இப்படிப் பால் தேத்தண்ணி மாதிரி ஓடுகிறது என்று கேட்டேன். "தண்ணி தானே அக்கா, நாங்க நிப்பாட்டுனா நாளைக்கே தெளிஞ்சிரும்," என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை, பெரும்பாலும் எல்லாரும் நம்புவதும் அதுதான். தண்ணீர் தெளியும். தண்ணீரில் கலங்கியது எங்கே போய்த் தங்கியது என்பதுதான் கேள்வி.

மணல் அளவுத் துகள், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால், அசையாத தண்ணீரில் ஒரு மீற்றர் இறங்க ஒரு நிமிடம் கூடத் தேவையில்லை. களித்துகள் ஒரு மில்லிமீற்றரில் 500இல் ஒரு பங்கு. அது அதே ஒரு மீற்றர் இறங்க ஏறத்தாழ மூன்று நாள் ஆகும், அதுவும் தண்ணீர் கொஞ்சமும் அசையாமல் நின்றால். ஓடுகிற ஓடையில் அது இறங்கவே இறங்காது, பல கிலோமீற்றர் கலங்கலாகவே போகும். இடைப்பட்ட வண்டல் துகள்தான் பாசிக்குப் பெரிய எமன். அதன் அளவு கிட்டத்தட்ட ஒரு டயட்டத்தின் அளவு.

இந்த மூன்றும் மூன்று விதமாகப் பாசியைத் தாக்குகின்றன. களி வெயிலை மறைக்கிறது. பால் தேத்தண்ணி நிறத் தண்ணீரில் கையை மணிக்கட்டு வரை விட்டால் விரல் நுனி தெரியாது. முழங்கால் ஆழத்தில் கிடக்கும் கல்லுக்குப் பகலே இல்லை என்று அர்த்தம், ஒளித்தொகுப்பு அங்கே நின்றுவிடுகிறது. மணல் தேய்க்கிறது. பித்தளைக் குடத்தைப் புளியும் மண்ணும் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவோமே, ஓடையின் அடியில் உருண்டு துள்ளிப் போகும் மணல் அதே வேலையைக் கல்லுக்குச் செய்கிறது. வண்டல் புதைக்கிறது. பசை இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, உயிரைக் காக்கச் சுரந்த அந்தப் பசையே இப்போது பறந்து வரும் வண்டலை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. படலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமாகி, கடைசியில் அடியில் இருந்தது செத்து, மேலே இருப்பது வெறும் சேறு. இதுவும் வழுக்கும். ஆனால் கையால் ஒருமுறை அலசினால் கரைந்து போய்விடும், அடியில் வெறும் கல். பாசி வழுக்கலையும் சேற்று வழுக்கலையும் பிரித்தறிய வேறு சோதனை தேவையில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அலாஸ்காவில் ஆற்றுச் சரளையைக் கழுவித் தங்கம் எடுக்கிறார்கள், வேலையின் அமைப்பு நம் மாணிக்கக் குழியைப் போன்றதே. அங்கே 1980களில் ஓடைகளை அளந்தபோது, கடுமையாகத் தோண்டிய ஓடைகளில் பாசியின் உற்பத்தி கருவியில் பிடிபடாத அளவுக்கு இறங்கியிருந்தது. நியூசிலாந்தின் மேற்குக் கரையில் தங்கக் குழிகளின் களித்தண்ணீர் விழுந்த ஓடைகளிலும் பாசியும் அதை மேயும் பூச்சிகளும் சேர்ந்தே குறைந்தன. இரண்டு இடத்திலும் விஷம் எதுவும் கொட்டப்படவில்லை. மண் போதும்.

முழுவதும் செத்துப்போகாத இடங்களில் நடப்பது இன்னும் நுட்பமானது, எனக்கு இதுதான் இந்த விஷயத்திலேயே அதிகம் யோசிக்க வைத்த பகுதி. டயட்டங்களில் ஒரு கூட்டம் கல்லில் தட்டையாக ஒட்டிக் கிடப்பவை, இன்னொரு கூட்டம் காம்பு போட்டு நிற்பவை. மூன்றாவது கூட்டத்துக்கு ஓட்டில் ஒரு நீளப் பிளவு இருக்கிறது, அதன் வழியே பசை சுரந்து வழுக்கி நகரும். நவிகுலா, நிட்சியா வகைகள் அப்படி. வண்டல் விழும்போது ஒட்டிக் கிடந்தவை புதைகின்றன, நகரத் தெரிந்தவை மண்ணைத் துளைத்து மேலே வந்துவிடுகின்றன. ஆகவே கலங்கல் நீடிக்கிற ஓடையில் பாசி இருப்பது போலத் தோன்றினாலும் அதன் ஆட்கள் மாறிவிடுகிறார்கள். நகர்கிற வகைகளின் பங்கு கூடக் கூட அந்த ஓடையில் மண் அதிகம் என்று நுணுக்குக்காட்டி வைத்துச் சொல்லிவிடலாம், பல நாடுகளில் இதைக் கணக்காகவே வைத்திருக்கிறார்கள். மேய்கிறவர்களுக்கு இது வேறு விதமான பட்டினி. நத்தை ஒரு வாய் சுரண்டினால் அதில் பாதி மண். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. அரிசியில் கல் கலந்து விற்றவனை நாம் திட்டுகிறோம். இங்கே கல்லில் அரிசியைத் தேட வேண்டியிருக்கிறது.

மழைக்காலத்தில் ஆறு கலங்குவது இயற்கைதானே என்று கேட்கலாம். ஆமாம், தென்மேற்குப் பருவ மழை மே மாதத்தில் இறங்கினால் எல்லா ஓடையும் செம்மண் நிறத்தில்தான் ஓடும். பெருவெள்ளம் கல்லையே புரட்டிப் பாசியை உரித்துவிடும். ஆனால் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்தால் கல்லின் குழிகளில் தப்பிய மிச்சத்திலிருந்து படலம் சில வாரங்களில் மறுபடி விரியும். அப்படி விழுந்து எழுந்தே பழகிய உயிர்கள் இவை. மேற்கு மலைகளில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, தண்ணீர் தெளிவு, ஓட்டம் மெதுவு, வெயில் நேராகக் கல் வரை இறங்கும். பாசிக்கு அறுவடைக் காலம் அதுவே. பூச்சியும் மீனும் அந்த விளைச்சலை வைத்துத்தான் உடம்பு பிடிக்கின்றன. ஆற்றில் தண்ணீர் குறைந்து கிடக்கிற அதே மாதங்கள்தான் குழி வெட்டுவதற்கும் தோது. வெள்ளம் இரண்டு நாள் கலக்கும், பெக்கோ இரண்டு மாதம் கலக்கும். அதுவும் கலங்கலைத் தள்ளிக் கொண்டுபோகத் தண்ணீர் இல்லாத நேரத்தில். ஒரே அளவு மண் என்றாலும் வருகிற மாதத்தைப் பொறுத்து அடி பல மடங்கு மாறும்.

சுரங்கம் என்றால் அமிலம், உலோகம், விஷம் என்றுதான் உலகச் செய்திகளில் படிக்கிறோம், அதையும் சொல்லிவிட வேண்டும். செம்பு, நாகம் (துத்தநாகம்), ஈயம் தோண்டும் இடங்களில் தாதுப்பாறையில் கந்தகம் கலந்திருக்கும். காற்றும் தண்ணீரும் பட்டால் அது சல்பூரிக் அமிலமாகிப் பாறையிலிருந்து உலோகங்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுவரும். ஸ்பெயினில் ரியோ டின்டோ என்ற ஆறு எலுமிச்சைச் சாற்றளவு புளிப்பில் சிவப்பாக ஓடுகிறது. வியப்பு என்னவென்றால் அங்கேயும் பாசி உண்டு, அமிலத்துக்குப் பழகிய சில வகைகள் அடர்த்தியாகவே வளர்கின்றன. பிரான்சின் ரியூ-மோர் ஓடையில் பழைய நாக உருக்காலைப் பக்கத்திலிருந்து கட்மியமும் நாகமும் கலந்தன. அங்கே டயட்டங்கள் அளவில் சிறுத்துப் போயின, சிலவற்றின் ஓடு வளைந்து கோணலாகப் பிறந்தது. இப்படிப்பட்ட ஓடைகளில் இன்னொரு தொல்லை துரு. கரைந்த இரும்பு நல்ல தண்ணீரோடு கலக்கும் இடத்தில் செம்மஞ்சள் பொடியாக வீழ்ந்து கல்லை மூடுகிறது, போகிற போக்கில் பாசிக்கு வேண்டிய பொசுபரசையும் பிடித்துக்கொண்டு போகிறது. நம் மாணிக்கச் சரளையில் கந்தகத் தாது பேசும்படி இல்லை. அதனால் அமிலக் கதையை அப்படியே தூக்கி இங்கே வைப்பது தவறு, நம் ஓடையின் எதிரி சேறு.

இதில் ஒரு சிறு குறிப்பு. தேயிலை மலையின் சதுப்புகளில், கான் வெட்டின ஓரங்களில், செம்மஞ்சள் சளியும் மேலே வானவில் நிறத்தில் ஒரு படலமும் நிற்பதைப் பார்த்து, எவனோ எண்ணெய் ஊற்றிவிட்டான் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு குச்சியால் தொடுங்கள். படலம் கண்ணாடி போலத் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பற்றீரியாவின் வேலை, இயற்கையானது. குச்சியை எடுத்ததும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எண்ணெய். இயந்திரம் நின்ற இடத்துக்குக் கீழே இரண்டாவதையும் பார்க்க நேரிடும்.

ஆனாலும் உலோகத்தை நாம் முழுதாக மறந்துவிட முடியாது, செம்பு என்ற ஒன்றின் பொருட்டு. 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. அதை அடக்கத் தோட்டங்கள் பல பத்தாண்டுகளாகச் செம்பு மருந்து அடித்தன. செம்பு மண்ணில் இறுகப் பிடித்துக்கொள்ளும் குணமுள்ளது, எளிதில் கழுவப்படாது. மலைச்சரிவிலிருந்து அரித்து வந்த மேல்மண் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரையில்தான் தங்குகிறது. அந்தக் கரையைத்தான் இப்போது தோண்டிக் கழுவுகிறார்கள். குளங்களில் பாசியை ஒழிக்க உலகெங்கும் போடுவது செம்புச் சல்பேற்று என்பதை நினைத்துப் பார்த்தால், எந்தக் கரையின் மண்ணையும் ஓடையில் தள்ளுவதற்கு முன் அதில் செம்பு எவ்வளவு என்று பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மண்ணோடு ஒட்டிக்கிடக்கும் வரை அது பெரிதாகக் கெடுக்காது. புளிப்பான மலைத்தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கக் கூடியது.

கெசல்கமுவ ஓயா நேராகப் போய் விழுவது காசல்ரீ நீர்த்தேக்கத்தில். 1960களில் அணை கட்டிய நாளிலிருந்து அதன் தண்ணீர் மின்சாரத்துக்குப் போகிறது. அப்புறம் மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகி, அம்பத்தலையில் கொழும்பின் குழாய்களுக்குள் ஏறுகிறது. நீர்த்தேக்கத்தில் மண் நிறைகிறது என்று சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது, ஒவ்வொரு அடி தண்ணீருக்கும் மின்சாரக் கணக்கு இருக்கிறதே. அங்கே பாசிக்கு நேர்வது நேர்மாறான கதை. தோட்டத்து உரத்திலிருந்து வரும் பொசுபரசு களித்துகளோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. ஓடையில் அது வெயிலை மறைத்ததோடு சரி. நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நின்று, களி இறங்கி, மேல் நீர் தெளிந்து வெயில் ஏறும்போது, அடியில் சேர்ந்த சேற்றிலிருந்து பொசுபரசு மெல்ல வெளியேறும். ஒட்சிசன் குறைந்த அடித்தண்ணீரில் இன்னும் வேகமாக. அந்த உரத்தில் மிதந்து பெருகக் கூடியவை நீலப்பச்சை வகைகள். கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1990களின் தொடக்கத்திலேயே மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை பச்சைப் பெயின்ற் ஊற்றியது போலப் பெருகியது. அதில் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும் வகைகளும் உண்டு. மேலே வேண்டிய பாசி சாக, கீழே வேண்டாத பாசி விளைவதற்கு ஒரே மண் காரணமாகலாம். இரண்டையும் பாசி என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் நமக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மாணிக்கக்கல் தோண்டுவதற்கான அனுமதியைத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை வழங்குகிறது, தோண்டி முடித்த குழியை மூடிச் சீர்படுத்துவதற்கென்று முன்பணமும் வாங்குகிறது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் நீரை மாசுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் குழியை மூடுவது நிலத்துக்கான தீர்வு. மண் கீழே போய்ச் சேர்ந்த பிறகு குழி மூடப்பட்டாலும் ஓடைக்கு லாபமில்லை. ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதிப்பதிலும் இதே குறை இருக்கிறது. இரவில் தோண்டுகிறார்கள், பகலில் போத்தல் நிறைகிறது, தண்ணீர் ஓரளவு தெளிந்திருக்கிறது, ஒட்சிசனும் அமிலத்தன்மையும் சரியாக இருக்கின்றன. போத்தல் அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்லும். கல்லின் மேல் படலம் கடந்த பல வாரங்களைச் சொல்லும், ஏனென்றால் அது அத்தனை இரவும் அங்கேயே கிடந்தது. ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டு வந்த நீர்ச் சட்டகம் என்ற பொது விதியின்படி ஆறுகளின் நலத்தை டயட்டங்களை எண்ணியும் மதிப்பிடுகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களில் நுணுக்குக்காட்டியும் அதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு பழைய பல்துலக்கி, ஒரு தட்டு, ஒரு சிறு போத்தல் இருந்தால் கல்லைச் சுரண்டி மாதிரி எடுத்துவிடலாம். குழிக்கு மேலே ஐந்து கல், கீழே ஐந்து கல். தோட்டத்துப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான ஆசிரியரும் பத்துப் பிள்ளைகளும் ஒரு சனிக்கிழமையில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

திரும்பி வருமா என்று கேட்டால், வரும் என்றுதான் சொல்வேன், சில நிபந்தனைகளோடு. பாசி வேகமாக முளைப்பது, வாரக் கணக்கு. நத்தையும் மீனும் மேலே கிளையோடைகளில் தப்பியிருந்தால் அவையும் இறங்கி வரும், அதற்கு ஆண்டுக் கணக்கு ஆகலாம். தாமதிப்பது கல். சரளையின் இடுக்கெல்லாம் வண்டல் அடைத்து, கல்லுகள் பாதிக்கு மேல் மண்ணில் அமிழ்ந்துவிட்டால், ஒட்டுவதற்கே இடமில்லை. உருளுகிற மணலில் எந்தப் படலமும் வேர் பிடிக்காது. அந்த அடைப்பை நீக்க ஒன்றிரண்டு நல்ல வெள்ளம் வேண்டும். கரையில் மண் மேடுகளை அப்படியே விட்டிருந்தால் அதே வெள்ளம் புதிதாக மண்ணையும் கொண்டுவந்து கொட்டும். கழுவு நீர் ஓடையில் விழும் முன் தடுப்புக் குளம், ஆற்றுக்குள் இயந்திரம் இறங்காமை, வறண்ட மாதங்களில் கழுவு நீரை ஓடைக்கு விடாமை, கரையில் புல்லும் மரமும். கேட்பது இவ்வளவுதான். கல்லே எடுக்கக் கூடாது என்று சொல்கிற இடத்தில் நான் நிற்கவில்லை, அந்தக் குழியில் என் தம்பியும் நின்றிருக்கிறான்.

அவன் வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்து, பெப்ரவரியில், குழி இருந்த இடத்துக்குக் கீழே அவனோடு இறங்கினேன். தண்ணீர் தெளிந்துதான் இருந்தது, அடி மணல் வரை தெரிந்தது. "பாத்தீங்களா அக்கா, சொன்னேன்ல," என்றான். ஒரு கல்லை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். சாம்பல் நிறம். தண்ணீரில் ஒருமுறை அலசினான், சேறு கரைந்தது, கல் வெளுத்தது. அப்புறம் குழிக்கு மேலே, பக்கத்து ஓடை வந்து சேரும் இடத்துக்கு நடந்து போய் இன்னொரு கல்லை எடுத்தோம். சாயத் தண்ணி நிறம், நத்தைக் கோடு, அடிப்பக்கத்தில் தட்டையான பூச்சிக் குடம்பிகள் இரண்டு அவசர அவசரமாக நிழல் தேடி ஓடின. அதையும் அலசிப் பார்த்தான். நிறம் போகவில்லை. இரண்டு கல்லையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். மேலே எடுத்த கல்லைத் திரும்பக் கொண்டுபோய், எடுத்த அதே பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டு வந்தான்.